அரைகுறையாகத் தெரிவதன் அச்சம்: திகில் வீடியோ கேம்களில் எதிரி உயிர்கள்

திகில் ஆட்டங்களில் வரும் கொடிய உயிர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றின் தோற்றத்திலேயே நின்றுவிடுகிறது. பல், நகம், வழியும் எச்சில். எவ்வளவு கோரமான உருவமும் வெளிச்சத்தில் சிறிது நேரம் நின்றால் பழகிப்போகும். ஆட்டக்காரரின் நெஞ்சை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிப்பது, அந்த உயிரைப் பற்றி அவருக்கு அளந்து தரப்படும் அரைகுறைத் தகவலே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொனாமி 1999இல் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' இதற்குப் பழைய சான்று. அந்த ஆட்டம் ஓடிய முதல் பிளேஸ்டேஷன் கருவியால் தொலைதூரக் காட்சிகளை வரைய இயலவில்லை; அந்தக் குறையை மூடுபனி மறைத்தது. நாயகன் ஹாரி மேசனின் கையில் ஒரு சிறு ரேடியோ. அரக்கர்கள் நெருங்கினால் அது கரகரக்கும். ஏதோ வருகிறது என்று தெரியும். எந்தத் திசையிலிருந்து, எத்தனை என்று தெரியாது. எச்சரிக்கையே இங்கே சித்திரவதையாகிறது.

இந்த உத்தியை மிக நுட்பமாக வளர்த்தெடுத்தது, பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி 2014இல் உருவாக்கிய 'ஏலியன்: ஐசொலேஷன்'. அதில் ஆட்டக்காரரை வேட்டையாடும் ஏலியனை நடத்தும் செயற்கை நுண்ணறிவு இரண்டு அடுக்குகளாக இயங்குகிறது. ஆட்டக்காரர் இயக்கும் நாயகி அமாண்டா ரிப்ளி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது மேலடுக்குக்கு எப்போதும் தெரியும். ஏலியனின் உடலை இயக்கும் கீழடுக்குக்கு அது தெரியாது. தன் கண்ணையும் காதையும் நம்பித்தான் அது தேட வேண்டும். எந்தப் பகுதியில் தேடலாம் என்ற குறிப்பை மட்டும் மேலடுக்கு அவ்வப்போது கொடுக்கும். ஆட்டக்காரர் மீதான நெருக்கடி எல்லை மீறினால், அதே மேலடுக்கு ஏலியனைக் காற்றுக்குழாய்களுக்குள் அனுப்பிவிடும். அப்போதும் நிம்மதி இல்லை, தலைக்கு மேலே தடதடக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

அமாண்டாவின் கையிலுள்ள அசைவுமானியும் இதே கணக்கில் அமைந்தது. எதிரி இருக்கும் திசையையும் தூரத்தையும் அது காட்டும். தரையில் நடக்கிறதா, மேலே குழாயில் ஊர்கிறதா என்று காட்டாது. அதன் திரையை உற்றுப் பார்க்கும்போது சுற்றுப்புறம் மங்கிவிடும். ஏலியன் அருகில் இருந்தால் கருவியின் ஒலியே அமாண்டாவைக் காட்டிக்கொடுத்துவிடும். தகவலைப் பெறுவதற்கே ஒரு விலை வைத்ததுதான் இந்த ஆட்டத்தின் மேதைமை.

ஆயுதமின்மையே அச்சத்தின் வேர் என்று சிலர் வாதிடலாம். சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் தந்த 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' அவர்களுக்குத் துணைநிற்கும்; அதில் போரிட வழியே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் மறக்கமுடியாத பகுதி எது? வெள்ளம் புகுந்த நிலவறையில் துரத்தும், கண்ணுக்கே தெரியாத நீர் அரக்கன். தண்ணீரில் எழும் தெறிப்புகள் மட்டுமே அதன் அடையாளம். மறுபுறம், கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில்' (1996) துப்பாக்கியைக் கையில் கொடுத்தே பயமுறுத்தியது. அசையாத கேமராக் கோணங்கள் மூலைக்கு அப்பால் இருப்பதை மறைத்தன. ஜாம்பியின் முனகல் மட்டும் முதலில் வந்து சேர்ந்தது. ஆயுதமின்மை அச்சத்தைக் கூட்டும், உண்மை. அதை விளைவிப்பது தெரியாமைதான்.

தெரியாமைக்கு எடை சேர்ப்பது இழப்பு. 'ஐசொலேஷ'னில் ஆட்டத்தைச் சேமிக்க, சுவரில் பொருத்திய கருவியின் முன் நின்று மூன்று விளக்குகளும் எரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நொடிகளில் ஆட்டம் நிற்காது. ஏலியன் பின்னால் வந்து கொன்றுவிடலாம். கொன்றால் முந்தைய சேமிப்புக்குப் பிந்தைய உழைப்பு முழுதும் போயிற்று.

இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்றைத் தேடினால் 'ஐசொலேஷ'னின் பலவீனமே அதை உறுதிசெய்கிறது. ஏலியனை விரட்டும் தீயெறிகருவி கைக்கு வந்து, அதன் நடமாட்டமும் பழகியபின், பதற்றம் கண்கூடாகத் தளர்கிறது. பிற்பகுதியில் பல ஏலியன்கள் இருப்பது தெரியவந்தும் இழந்த அச்சம் முழுதாகத் திரும்பவில்லை. எண்ணிக்கையைக் கூட்டியவர்கள், அவற்றைப் பற்றிய புதிய ஐயம் எதையும் சேர்க்கவில்லை. அந்த அருமையான ஆட்டத்தின் உண்மையான குறை அதுவே.