மரத்தடி மன்றமும் மன்னர் மணமும்

ஒரு நாட்டாரின் பழக்கவழக்கங்களை அறியப் புகுவோர் பெரும்பாலும் அவர்தம் உணவையும் உடையையும் திருமணச் சடங்கையும் குறித்துக்கொண்டு, அந்நாட்டையே அறிந்துவிட்டதாக அமைதி கொள்கின்றனர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது புதிய அனுபவமன்று. இட்டலியையும் வேட்டியையும் கொண்டே நம்மை அளந்துவிடும் அண்டை வீட்டாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு சமூகத்தின் உண்மையான இயல்பு, அதனுள் பெரிய கருத்து வேற்றுமை எழும் வேளையில்தான் புலப்படும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானா நாட்டின் வரலாற்றில் அத்தகைய வேளை ஒன்று நேர்ந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கக் குடியரசுக்கு வடக்கே அமைந்தது. தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆயினும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 23 இலட்சத்து 50 ஆயிரமே. நாட்டின் பெரும்பகுதி கலஹாரி மணற்பரப்பு. ஆகவே அங்கு மழையே செல்வம். ‘பூலா’ என்றால் மழை. வாழ்த்துச் சொல்லும் அதுவே. 1976-இல் அந்நாடு தனக்கென நாணயம் வெளியிட்டபோது அதற்கும் ‘பூலா’ என்றே பெயர் சூட்டியது. அம்மக்கள் ஆடவரை ‘ர்ரா’ என்றும் பெண்டிரை ‘ம்மா’ என்றும் விளிப்பர். தந்தை, தாய் என்பன அவற்றின் பொருள். வழியிற் செல்லும் அயலாரையும் ஐயா, அம்மா என விளிக்கும் நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. ஒரு பொருளைக் கொடுக்கும்போது வலக்கையின் முழங்கையை இடக்கையால் தாங்கிக் கொடுப்பது அவர்கள் காட்டும் மரியாதை.

அந்நாட்டு வாழ்வின் நடுநாயகமாக விளங்குவது ‘கோட்லா’ என்னும் மன்றம். தில்லிவாழ் அன்பர்களுக்குப் பிரோஸ் ஷா கோட்லா நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மரக்கட்டைகளைப் பிறைவடிவில் நட்டு அமைத்த சுவர், நிழல் தரும் மரம், அருகே மாட்டுத் தொழுவம், நடுவே திறந்த வெளி: மரபான கோட்லாவின் தோற்றம் இவ்வளவே. இச்சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தால் மொழிபெயர்ப்புத் தொழிலில் பழகிய நாமும் தயங்கவே வேண்டியிருக்கிறது. அங்கு வழக்குத் தீர்க்கப்படுவதால் அது நீதிமன்றம்; பொதுக் காரியங்கள் ஆலோசிக்கப்படுவதால் அவை; ஊரின் ஒரு பகுதிக்கும் அதே பெயர் வழங்குவதால் தெரு. மூன்றையும் ஒருங்கே சுட்டும் சொல் நம்மிடம் இல்லாமையால் ‘மன்றம்’ என்றே வைத்துக்கொள்வோம்.

மன்றத்தில் ‘கோசி’ எனப்படும் தலைவர் முதலில் பேசி முடிவுரைப்பதில்லை. கூடியோர் ஒருவர்பின் ஒருவராகப் பேசுவர். தலைவர் கேட்டிருந்து, இறுதியில் மன்றத்தின் கருத்து எப்பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து தீர்ப்புரைப்பார். மன்றத்தில் பேசப்படும் சொற்கள் யாவும் அழகியவை என்பது அவர்தம் பழமொழி. பிழைபடப் பேசுபவனும் தன் கருத்தைச் சொல்லி முடிக்கட்டும் என்பது மற்றொன்று. ‘கோசி கே கோசி கா மொராஃபே’ என்பது மூன்றாவது. மக்களால்தான் தலைவன் தலைவனாகிறான் என்பது இதன் பொருள்.

பழமொழிகள் எந்நாட்டிலும் அழகாகவே இருக்கும். அவை சோதனைக்கு நிற்குமா என்பதே கேள்வி. இந்த மூன்றாம் பழமொழி பெரும் சோதனைக்குள்ளானது 1948-ஆம் ஆண்டில்.

அந்நாடு அப்போது பெச்சுவானாலாந்து என்ற பெயருடன் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. பாதுகாப்பு ஏற்பட்டது 1885-இல். பத்தாண்டு கழித்து, செஸில் ரோட்ஸ் என்பாரின் கம்பெனியிடம் நாடு ஒப்படைக்கப்பட இருந்த வேளையில், மூன்றாம் காமா, முதலாம் செபேலே, முதலாம் பாத்தோயென் ஆகிய மூன்று தலைவர்கள் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, பல ஊர்களில் மக்களிடமும் இறுதியில் அமைச்சர் சேம்பர்லினிடமும் முறையிட்டு, அந்த ஏற்பாட்டைத் தடுத்தனர். அவர்களுள் மூத்தவரான மூன்றாம் காமாவின் பேரரே நம் வரலாற்றின் நாயகரான செரெட்சே காமா.

செரெட்சே 1921-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தமையால், பாங்வாட்டோ குலத்தின் தலைமைப் பொறுப்பைச் சிறிய தந்தை செக்கேடி காமா அவருக்காக ஏற்று நடத்திவந்தார். சட்டம் பயில இங்கிலாந்து சென்ற செரெட்சே, 1948 செப்டம்பரில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். செக்கேடி கடுமையாக எதிர்த்தார். தலைவனின் மனைவி குலத்துக்கே தாய். ஆகவே குலத்தைக் கலவாது தலைவன் மணம் புரிதல் வழக்கத்துக்கு மாறு என்பது அவர் வாதம். அது வெறும் பிடிவாதமன்று. மரபில் வேரூன்றிய வாதமே.

செரோவே என்னும் தலைநகரில் மன்றம் கூடியது. 1948 நவம்பரில் கூடிய மன்றம் திருமணத்தைக் கண்டித்தது. டிசம்பரில் கூடிய மன்றமும் இணங்கவில்லை. செரெட்சே ஒவ்வொரு முறையும் மன்றத்தின் முன் நின்று, கண்டனங்களைக் கேட்டு, விடையளித்தார். 1949 ஜூனில் மூன்றாம் முறை கூடியபோது காட்சி மாறியது. எதிர்ப்போர் எழுந்து நிற்குமாறு செரெட்சே கேட்டபோது எழுந்தோர் சில பத்துப் பேரே. ஆதரிப்போர் எழுக என்றபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆரவாரித்தனர். வழக்கத்தைக் காட்டித் தடுத்த அதே மன்றம், வழக்கத்தின் வழியே பேசிப் பேசித் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

பூசல் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அண்டையிலிருந்த தென்னாப்பிரிக்காவில் 1948-இல் இனஒதுக்கல் கொள்கையினர் ஆட்சிக்கு வந்திருந்தனர். 1949-இல் வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையே மணம் கூடாதென்று சட்டமும் இயற்றினர். எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைப் பெண்ணோடு வாழ்வதை அவர்கள் பொறுக்கவில்லை. அந்நாட்டின் பொன்னையும் யுரேனியத்தையும் வேண்டி நின்ற பிரிட்டிஷ் அரசாங்கம் அவர்கள் முகம் கோணலாகாது என்று கருதியது. விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. செரெட்சே தலைமைக்கு முற்றும் தகுதியானவர், அண்டை நாடுகளின் எதிர்ப்பே தடை என்று அக்குழு கூறவே, அதன் அறிக்கை மறைக்கப்பட்டது. 1950-இல் செரெட்சே நாடுகடத்தப்பட்டார்.

மணவாழ்வில் அரசாங்கம் தலையிடுவதன் கொடுமையைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். கிறிஸ்துவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற பொருளில் 1913-இல் அங்கு நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து தமிழ்ப் பெண்கள் பலர் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்ற இளம்பெண் வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். செரோவே மக்களின் உள்ளத்தை உணர நமக்கு இந்நினைவு ஒன்றே போதும்.

அம்மக்கள் செய்தது யாது? 1950 மார்ச்சில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் செரோவேக்கு வந்து, முடிவை அறிவிக்க மன்றத்தைக் கூட்டினார். மக்கள் வரவில்லை. பேசுவதற்கென்றே அமைந்த இடத்தில் பேச இடமில்லாதபோது, வராதிருத்தலே அவர்கள் அளித்த விடையாயிற்று. வேறொரு தலைவரைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கப்பட்டபோதும் மறுத்தனர். 1952-இல் அந்நாடுகடத்தல் நிரந்தரம் என்று அறிவிக்கப்பட்டபின் கலகம் மூண்டு, காவலர் மூவர் உயிரிழந்த துயரமும் நேர்ந்தது. இறுதியில் 1956-இல், சிறிய தந்தையும் மகனும் மனம் ஒன்றினர். தலைமை உரிமையைத் துறந்து, சாதாரணக் குடிமகனாகச் செரெட்சே மனைவி மக்களுடன் தாயகம் திரும்பினார்.

பட்டத்தைத் துறந்தவரை மக்கள் துறக்கவில்லை. 1965 தேர்தலில் அவர் கட்சி பெரும் வெற்றி பெற்றது. 1966 செப்டம்பர் 30 அன்று நாடு விடுதலை பெற்றபோது அவரே முதற் குடியரசுத் தலைவரானார். 1980-இல் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் தோற்றுவித்த கட்சி 2024 தேர்தலில் தோல்வியுற்றபோது ஆட்சி அமைதியாகக் கைமாறியது. எழுந்து நின்று கருத்துரைத்த மன்றம் வாக்குச்சீட்டிலும் தொடர்கிறது எனலாம்.

எனினும், அம்மன்றத்தைக் குறையற்றதென்று புகழ்தல் நேர்மையாகாது. முற்காலத்தில் பெண்டிர்க்கு அங்கு பேசும் உரிமை இல்லை. வேட்டையாடி வாழ்ந்த பசார்வா மக்கள் பலர் பிற குலத்தாரின் ஊழியராக வாழ்ந்தமையால், அவர்கள் குரலும் அங்கு ஒலிக்கவில்லை. அந்நிய நாட்டுப் பெண்ணை மணந்த தலைவரை ஏற்ற நாடே, அந்நிய நாட்டவரை மணந்த பெண்ணின் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லையென்று 1984-இல் சட்டம் செய்தது. யூனிட்டி டோ என்ற பெண் வழக்கறிஞர் அதனை எதிர்த்து வழக்காடி 1992-இல் மேல்முறையீட்டிலும் வென்றார். 2003-இல் பாலேட்டே குலத்துக்கு மொசாடி செபோக்கோ என்ற பெண்மணி தலைவரானார். கலஹாரிக் காப்பகத்திலிருந்து பசார்வா மக்களை வெளியேற்றியது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2006-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரத்தடியில் கேட்கப்படாத குரல்கள் இவ்வாறு வேறிடங்களில் கேட்கப்பட்டு வருகின்றன.

வழக்கம் என்பது முன்னோர் முடித்துவைத்த தீர்ப்பு என்று கருதுவோர் எந்நாட்டிலும் உளர். முதலிரு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்ற செரோவே மன்றம் வேறு பாடம் புகட்டுகிறது. வழக்கத்தின் உயிர், அதனைப் பற்றி மீண்டும் கூடிப் பேசும் உரிமையில் இருக்கிறது. அந்த உரிமையைப் பிறர் பறிக்கும்போதுதான் அது உண்மையில் மீறப்படுகிறது. அயல்மொழி வழங்கும் ஊர்களில் குடியேறி, எவ்வழக்கத்தைக் காப்பது, எதனை மாற்றுவது என்று நம் பிள்ளைகளோடு வாதிடும் நாம், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்து, பிறகு நம் கருத்தை உரைப்போமாயின், அத்தொலைநாட்டு மன்றத்தின் பண்பை ஓரளவேனும் அறிந்தவராவோம்.