நாடியும் கடிகாரமும்: ஓட்டப் பயிற்சியை அளந்த கதை

ஓட்டப் பயிற்சிக்கு இரண்டு அளவுகள் அடிப்படை. ஓடிய தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வேகம் காட்டும். அதற்கு உடல் எவ்வளவு பாடுபட்டது என்பதை இதயத் துடிப்பு காட்டும். இவ்விரண்டில் ஓட்டக்களத்துக்கு முதலில் வந்தது வேகக் கணக்குதான். 1920களில் பின்லாந்து வீரர் பாவோ நூர்மி, கையில் ஸ்டாப்வாட்சுடன் ஓடினார். பக்கத்தில் ஓடுபவரை விட, சுற்றுக்கு இவ்வளவு என்று தாம் வகுத்த நேரமே அவருக்கு முக்கியம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்.

நாடியை எண்ணுவது அதுவரை மருத்துவர்களின் வேலை. ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும் முறையை ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர் 1707இலேயே நூலாக எழுதியிருந்தார். அதைப் பயிற்சியின் அளவுகோலாக மாற்றிய முன்னோடிகள், ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரப் பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும். அவர்கள் முறைப்படி, குறுந்தூரத்தை வேகமாக ஓடி, துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்ற வேண்டும். அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். 90 விநாடிக்குள் இறங்காவிட்டால் ஓட்டம் அளவு மீறிவிட்டது என்று பொருள். கெர்ஷ்லரிடம் பயின்ற லக்ஸம்பர்க் வீரர் ஜோசி பார்தெல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கத்தை வென்றார்.

எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது என்ற சிக்கலுக்கு விடை தந்தவர் பின்லாந்து ஆய்வாளர் மார்ட்டி கார்வோனென். 1957இல் வெளியான அவரது ஆய்விலிருந்து பிறந்த முறை, உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் வேண்டிய சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டுகிறது. உச்சம் 190, ஓய்வு 60 என்றால், 70 சதவீத உழைப்புக்கான துடிப்பு 151.

ஓட்டத் தேர்வுகளும் இக்காலத்தில் உருவாயின. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஓடும் தூரத்தைக் கொண்டு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைக் கணிக்கலாம் என்று 1968இல் காட்டினார். கனடாவின் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட தேர்வில், 20 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கேற்ப முன்னும் பின்னும் ஓட வேண்டும், வேகம் படிப்படியாகக் கூடும். முதல் தேர்வுக்கு வேகத்தைச் சீராகப் பங்கிடத் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு உயரும் துடிப்பைத் தாங்கும் பழக்கம் வேண்டும்.

அதுவரை துடிப்பை அறிய, ஓடுபவர் நின்று கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைக்க வேண்டியிருந்தது. நின்ற கணத்திலிருந்தே துடிப்பு இறங்கத் தொடங்குவதால் எண்ணிக்கை குறைவாகவே கிடைக்கும். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த கம்பியில்லா அளவி இக்குறையைத் தீர்த்தது: மார்புப் பட்டை உணரும் துடிப்பு மணிக்கட்டில் தெரிந்தது. வேகத்தை அளக்கவும் புதிய வழி பிறந்தது. செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜிபிஎஸ் துல்லியத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை அமெரிக்கா 2000இல் நீக்கியது. 2003இல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் என்ற ஜிபிஎஸ் கடிகாரம் வெளிவந்தது. அதன்பின் அளந்து வைத்த தடம் இல்லாமலே சாலையில் ஓடுபவரும் வேகத்தை உடனுக்குடன் அறிய முடிந்தது. தோலில் ஒளி பாய்ச்சித் துடிப்பை அறியும் கடிகாரங்கள் வந்தபோது மார்புப் பட்டையும் கட்டாயமில்லை என்றாயிற்று.