திருகோணமலையிற் சிலம்படி: சில வரலாற்றுச் சிந்தனைகள்

எழுதப்பட்டதையே சான்றாகக் கொள்ளப் பழகிய வரலாற்று மாணவனுக்குச் சிலம்படி சங்கடமானதொரு பொருளாகும். திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய நாள் 1795 ஓகஸ்ற் 26 என்று நம்மால் தயக்கமின்றிக் கூற முடிகின்றது. அக்கோட்டையின் அயலிலும் கொட்டியாரக் குடாவின் கரைகளிலும் வாழ்ந்தோர் கம்பு சுழற்றக் கற்றது யாரிடம் என்று வினவினாலோ, ஊர் முதியோரின் வாய்மொழியையே நாட வேண்டியுள்ளது. இவ்வெற்றிடத்தை அகத்தியரைக் கொண்டும் ஐயாயிரம் ஆண்டுகளைக் கொண்டும் நிரப்பிவிடுவோர் உளர். அஃது எளிது, ஆனால் வரலாறாகாது.

உயர்தர வகுப்பிற் படித்த காலத்தில் ஈராண்டுகள் சிலம்படி பயின்றவன் என்ற உரிமையுடனேயே இதனை எழுதத் துணிந்தேன். முதல் மாதம் கம்பு எம் கையில் தரப்படவில்லை. மணலிலே கோடு கீறி, அக்கோட்டின்மீது காலை மாற்றி மாற்றி வைக்கச் செய்தார் அண்ணாவியார். "தம்பி, கையை மறந்திடு, காலைப் பார்" என்பது அவருடைய ஓயாத கட்டளை. பின்னர், நிலத்தில் ஊன்றினால் நெற்றியளவு நிற்குமாறு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகக் கம்பு அளந்து வெட்டித் தந்தார். கம்பின் விசை மணிக்கட்டிலே பிறக்கின்றதென்று பார்ப்போர் எண்ணுவர். காலும் இடுப்பும் உடன் திரும்பாதவிடத்துக் கம்பு சுழற்றுபவனையே வந்து தாக்கும். இதற்கு என் முழங்கையே சான்று.

அப்பயிற்சியில் வழங்கிய சொற்கள்தாம், ஏடில்லாத இக்கலைக்கு ஓர் ஏடு உண்டென்பதை எனக்கு உணர்த்தின. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆசானுக்கும் களத்துக்கும் வணக்கம் செலுத்தும் அசைவுகளுக்குச் 'சலாம்வரிசை' என்று பெயர். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளாகிய நாமும் அப்பெயராலேயே அதனைக் கற்றோம். தமிழகத்திலே சிலம்ப ஆசானை 'வஸ்தாது' என்றழைக்கும் வழக்குண்டு. அது 'உஸ்தாத்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபாகும். இவற்றோடு 'வீடு கட்டுதல்' முதலிய தமிழ்த் தொடர்களும் கலந்து நிற்கின்றன. அடிப்பதுபோற் காட்டி எதிரியை ஏமாற்றும் 'பாவலா'வோ, கம்பைத் தொட்டறியாதவர் பேச்சிலும் புகுந்துவிட்டது. கம்பெடுத்து ஆடுதல் மிகப் பழையதாயிருக்கலாம். ஆயினும் அது நமக்குப் பயிற்றப்படும் முறை, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே படைகளிற் பணிசெய்த ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்து முத்திரையைத் தாங்கியுள்ளது என்பதே என் கருத்து.

அக்காலத்தின் முடிவு ஆங்கிலேயர் கையால் வந்தது. திருகோணமலையைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து படை அனுப்பிய அதே கும்பினி அரசே, ஆறாண்டுகளின் பின் மருது சகோதரரையும் வீழ்த்தியது. அப்படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்பார் 1830 இல் வெளியிட்ட நினைவு நூலில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலிற் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று குறிப்பிடுகின்றார். வளரி எறிந்து தாக்கும் வளைகோல்; சிலம்பக் கம்பு அன்று. எனினும், தென்னாட்டுப் படைக்கலப் பயிற்சியை மாணவனாயிருந்து பெற்று எழுதியும் வைத்தவர் ஓர் ஆங்கிலப் படைவீரராக இருப்பதும், அவரே தம் ஆசானை வேட்டையாடிய படையிற் சென்று, 1801 ஒக்ரோபரில் அவர் தூக்கிலிடப்பட்டதைக் கண்டதும் நெஞ்சை விட்டகலாத செய்திகளாகும். வெல்ஷ் அதனை வருத்தத்துடனேயே எழுதுகின்றார்.

1801 டிசெம்பர் 1 ஆம் நாள் வெளியான சென்னை அரசின் அறிவித்தல் பாளையங்களின் படைக்கலங்களை ஒடுக்கியது. சிங்கள மக்களின் அங்கம்பொற 1818 இன் பின் தடைசெய்யப்பட்டதாகக் கூறப்படுவதுபோல, சிலம்பமும் இவ்வாறு தடைசெய்யப்பட்டதென்று பலர் எழுதுவர். என் எண்ணம் சற்று வேறுபடும். அவ்வறிவித்தலின் குறி கோட்டையும் துப்பாக்கியும் ஈட்டியுமாகும். மாடு சாய்ப்பவன் கையிலும் தோணி தள்ளுபவன் கையிலும் உள்ள கோலை எவ்வரசு பறிக்கும்? பிற படைக்கலங்கள் மறைந்தபின்னும் கம்பு எஞ்சியமைக்கு, அது படைக்கலமாகத் தோன்றாமையே காரணமாதல் வேண்டும். ஆனால் எஞ்சியதற்கு ஒரு விலையும் இருந்தது. போருக்குரிய அடிவரிசைகள் பின்தள்ளப்பட்டு, விழாவுக்குரிய அலங்காரச் சுழற்சி முன்வந்தது.

இம்மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களிடையே இக்கலை சீனடி, சிலம்படி என்னும் பெயர்களாற் பேணப்பட்டது. மாப்பிள்ளை ஊர்வலமும் வரவேற்பு விழாக்களும் அதன் களங்கள். எம் அண்ணாவியாரும் 1970களிற் கிண்ணியாவில் முஸ்லிம் வாத்தியார் ஒருவரிடமே கற்றவர். அன்று பாலமில்லை, 'பாதை' என நாம் வழங்கும் மிதவையிலேறி வாரந்தோறும் சென்றுவந்தாராம். ஆகவே சலாம்வரிசை எமக்கு எவ்வழி வந்ததென்று ஆராய நான் நவாபுகள் வரை சென்றிருக்க வேண்டியதில்லை. களப்பைக் கடந்திருந்தாற் போதும்.

1980களின் நடுப்பகுதியில் அப்போக்குவரவு நின்றது. இளைஞர் நால்வர் ஓரிடத்திற் கூடினாலே ஐயுறப்பட்ட காலம்; கம்புடன் கூடுவதெங்ஙனம்? இரு சமூகங்களுக்கிடையிலும் அச்சம் குடிபுகுந்திருந்தது. வாத்தியார் காலமான செய்தி அண்ணாவியாரை எட்டியபோது சில மாதங்கள் கழிந்திருந்தன. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. இன்று அவ்வூருக்கு நாம் சில நிமிடங்களிற் சென்று திரும்புகின்றோம்.

தமிழகத்தில் 2024 இல் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியிற் சிலம்பமும் இடம்பெற்றது. புள்ளிகளும் நடுவர்களும் வந்துவிட்டமை நன்றே. ஆயினும், புள்ளி பெறாத வரிசைகளை இனி எவர் கற்பர் என்ற ஐயம் எனக்குண்டு. சென்ற விடுமுறையில், நினைவிலிருந்த காலடிகளை ஓர் அப்பியாசக் கொப்பியில் வரைந்து அண்ணாவியாரிடம் கொண்டுசென்றேன். அவர் கொப்பியை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, காலை வைத்துப் பார்த்தார். இரண்டாம் வீட்டில் இடது கால் பிழையென்றார். அதனைத் திருத்திவிட்டேன். எஞ்சிய பதினான்கு பக்கங்களை அவர் இன்னும் பார்க்கவில்லை.