பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செம்பா, அலுமினியமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மீட்டெடுக்கிறவர்களிடம் ரேடியேட்டர் பேச்சை எடுத்தால் இரண்டு கட்சி கிளம்பும். "காரோடு வந்தது செம்பும் பித்தளையும், அதையே போடு" என்பது ஒரு கட்சி. "அலுமினியம் போடு, அசல் போனா போகட்டும், எஞ்சின் சூடாகாது" என்பது இன்னொன்று. சண்டை போட்டாலும் ரெண்டு பேரும் ஒன்றை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்: செம்பு பழசு, அலுமினியம் புதுசு. செவ்ரலே கார்வெட் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

கார்வெட் 1953-ல் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. 1955-ல் வி8. 1957-ல் 283 கன அங்குல எஞ்சினுக்கு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். சக்தி கூடக்கூட வெப்பமும் கூடியது. அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பு-பித்தளைதான், சந்தேகமில்லை. 1960-ல் ஜெனரல் மோட்டார்ஸ் எடையைக் குறைக்க அலுமினியத்தை இரண்டு இடத்தில் முயன்றது. ஒன்று சிலிண்டர் ஹெட். வார்ப்பில் தொல்லை வந்து அதைக் கைவிட்டார்கள். இன்னொன்று ரேடியேட்டர், அது நிலைத்தது. முதலில் அதிக சக்தி கொண்ட எஞ்சின்களுக்கு வந்தது, 1961-ல் எல்லா கார்வெட்டுக்கும் வந்துவிட்டது. செய்தது நியூயார்க் மாநிலம் லாக்போர்ட்டில் இருந்த ஹாரிசன். 1910-ல் தொடங்கி 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்த நிறுவனம் அது.

அதே 1960-ல் லெ மான் பந்தயத்தில் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அணியின் கார்வெட் ஒன்று கடைசி மணி நேரங்களில் தண்ணீர் இழந்து தவித்தது. விதிப்படி குறிப்பிட்ட சுற்றுகள் முடியும் முன் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிட்டில் இருந்தவர்கள் எஞ்சினைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடைத்து அனுப்பினார்கள்! ஜான் ஃபிட்சும் பாப் கிராஸ்மனும் ஓட்டிய அந்தக் கார் மொத்தத்தில் எட்டாவதாக வந்து தன் பிரிவில் ஜெயித்தது. சூடு இந்தக் காருக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்போ பொறியியலுக்கு வருவோம். வெப்பம் கடத்துவதில் செம்பு சுமார் 400, அலுமினியம் சுமார் 235 (வாட்/மீட்டர்-கெல்வின்). அப்படிப் பார்த்தால் செம்பு ஜெயிக்கணும். ஆனால் செம்பு ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் குழாய் பித்தளை, அதற்கு 120-க்குள்தான். இதழ்கள் மட்டுமே செம்பு. இரண்டையும் ஒட்டுவது ஈயப்பற்று, அது இன்னும் மோசம். அதைவிட முக்கியம், உண்மையான தடை உலோகத்தில் இல்லை, இதழிலிருந்து காற்றுக்கு வெப்பம் தாவும் இடத்தில் இருக்கிறது. எவ்வளவு பரப்பு காற்றில் படுகிறது என்பதுதான் கேள்வி. அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சுவர் தடிமனான, அகலமான குழாய்களை எடைக்குப் பயப்படாமல் போடலாம். மெல்லிய பித்தளைக் குழாயை அப்படி அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பிவிடும்.

அலுமினியம் போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பின்னாளில் பெரிய பிளாக் எஞ்சின் வந்த கார்வெட்டுகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸே செம்பு-பித்தளை ரேடியேட்டரைப் போட்டிருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடமே இதுதான்.

ஆக, 1958 காருக்குச் செம்பு-பித்தளை அசல். 1961 காருக்கு அலுமினியம் அசல். 1974-ல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கத்தின் நடுவர்கள், கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். 1961 காரில் "பழைய மாதிரி இருக்கட்டுமே" என்று செம்பை மாட்டினால் காசும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு.

தினம் ஓட்டும் காருக்கு வேறு கணக்கு. செம்பு-பித்தளை ஒழுகினால் கேஸ் அடுப்பும் ஈயமும் வைத்திருக்கும் எந்தப் பட்டறையிலும் அடைத்துவிடலாம், அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்த கை வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தை ஓட்டை போடும், அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரும் நல்ல கூலன்ட்டும் கட்டாயம். அதோடு எர்த் சரியாக இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் கூலன்ட் வழியாக ஓடி ரேடியேட்டரை அரிக்கும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, இன்னொன்றை உலோகத்தில் படாமல் கூலன்ட்டில் முக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கும் விசிறியும் போட்ட நிலையில், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் வயரைச் சரி செய்துவிட்டு அப்புறம் புது ரேடியேட்டருக்குக் காசு எடுங்கள்.