சர்க்கரையும் கண்புரையும் - ஒரு குட்டி வரலாறு



சர்க்கரை வியாதி இருந்தால் கண்ணில் புரை சீக்கிரம் விழும் என்பது எங்க கெங்கவல்லி பக்கம் பெரியவர்களுக்கே தெரிந்த விஷயம்தான். அடுத்த கேள்வியில்தான் சிக்கல். சத்து மாத்திரை சாப்பிட்டு அதைத் தடுக்க முடியுமா, இல்லை ஆபரேஷன்தான் கதியா? மாசாமாசம் மாத்திரைக்குக் காசு செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1959-ல் ஆக்ஸ்போர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன் என்ற பெண் விஞ்ஞானி, சர்க்கரையால் புரை விழுந்த எலிகளின் கண் லென்ஸில் சார்பிட்டால் என்ற பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது, லென்ஸில் இருக்கும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற என்சைம் அதைச் சார்பிட்டாலாக மாற்றிவிடுகிறது. சார்பிட்டால் சுலபத்தில் வெளியே போகாது. உள்ளேயே இருந்துகொண்டு தண்ணீரை இழுக்கும், செல் ஊதிவிடும். அமெரிக்காவில் ஜின் கினோஷிடா இந்தக் கருத்தை மேலும் வளர்த்தார்.

ஆனால் எலிக் கண்ணில் அந்த என்சைம் அதிகம், மனிதக் கண்ணில் கம்மி. அதனால் வெறும் தண்ணீர்க் கதை நமக்குப் போதவில்லை. அடுத்து மாட்டிய குற்றவாளிதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். லென்ஸை ஆக்ஸிஜனின் தாக்குதலிலிருந்து காப்பாற்றுவது குளுட்டாதயோன். அது ஒருமுறை வேலை செய்து களைத்துப் போனதும், அதைத் திரும்பத் தயார்செய்ய என்ஏடிபிஹெச் என்ற பொருள் வேண்டும். சார்பிட்டால் உண்டாவதற்கும் இதே பொருள்தான் செலவாகிறது! ஒரே கிணற்றில் ரெண்டு மோட்டார் போட்ட மாதிரி. குளுட்டாதயோன் குறைந்தால் லென்ஸின் புரதங்கள் கெட்டுத் திரள ஆரம்பிக்கும். லென்ஸின் நடுவில் இருக்கும் புரதம் நாம் பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பது, கெட்டால் புதுசு வராது. வெளிச்சம் சிதறும். அதைத்தான் நாம் புரை என்கிறோம்.

சரி, அப்படியானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் போதுமே? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சர்க்கரை வரவழைத்த எலிகளுக்கு மஞ்சளையும், அதிலுள்ள குர்குமினையும் தீனியில் கலந்து கொடுத்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. ரத்தச் சர்க்கரை குறையவில்லை, ஆனால் புரை முற்றுவது தாமதமானது. தீனியில் மஞ்சள் வெறும் 0.5 சதவீதம்தான். (ஈரோட்டுக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம், ஆனால் இது எலி!)

மனிதர்களிடம் என்ன ஆனது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து தென்னிந்தியாவில் 798 பேரை வைத்து 5 வருடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ. இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. இந்தச் சத்துகள் சாப்பாட்டில் குறைவாக இருக்கும் ஜனங்கள் என்பதால் பலன் தெரிய வேண்டிய இடமே இதுதான். 2006-ல் வெளியான முடிவு: ரெண்டு பிரிவிலும் புரை வளர்ந்தது, வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆய்வான ஏரெட்ஸும் 2001-ல் இதையேதான் சொல்லியிருந்தது. இவை சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், புரைக்கென்று வைட்டமின் மாத்திரை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

ஜெயித்தது கத்திதான். அரவிந்த் மருத்துவமனையை டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர் அவர்! அந்தக் காலத்தில் புரை எடுத்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டாது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும் நிலைமை மாறியது.

சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் ஆபரேஷனுக்கு முன்னால் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ரத்தச் சர்க்கரையை அடக்கி வைக்க வேண்டும், விழித்திரையையும் பார்க்க வேண்டும். விழித்திரை ஏற்கெனவே கெட்டிருந்தால், புது லென்ஸ் வைத்தாலும் பார்வை முழுசாகத் திரும்பாது.