தண்ணீரில் பிறந்த சால்வை

காஷ்மீரச் சால்வையின் ஓரத்தில் தைக்கப்பட்டிருக்கும் 'டிரை கிளீன் மட்டும்' என்ற சிறு பட்டியை அந்தத் துணியின் பிறவிக்குணமாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். நனைத்தால் கெட்டுவிடும் என்ற அச்சம் வீடுதோறும் இருக்கிறது. ஆனால் அந்தச் சால்வை தறியிலிருந்து இறங்கிய பிறகு தண்ணீரில் அலசப்பட்டதுதான். அச்சம் பின்னால் வந்தது. அது வந்த வழியைப் பார்ப்போம்.

வில்லியம் மூர்கிராஃப்ட் 1822-23இல் காஷ்மீரத்தில் தங்கியிருந்தார். 1825இல் அவர் இறந்த பிறகு, 1841இல் வெளியான அவருடைய பயணநூலில் சால்வைத் தொழில் படிப்படியாக விவரிக்கப்படுகிறது. ஸ்ரீநகரில் தால் ஏரியை ஒட்டிய கால்வாயில் சால்வைகள் குளிர்ந்த நீரில் அலசப்பட்டன. சுண்ணாம்புப் பாறையில் குடைந்த குழியில் துணியை இட்டு, நீர் வார்த்து, ஒருவர் வெறுங்காலால் மிதிப்பார். சவர்க்காரம் மிகுந்த எச்சரிக்கையுடன், வெள்ளைப் பகுதிகளுக்கு மட்டுமே. வண்ணச் சால்வைகள் நிழலில் உலரும்; வெள்ளைச் சால்வைகளுக்குத் திறந்த வெளியும், பிறகு கந்தகப் புகையும். தண்ணீர் வேண்டும், ஆனால் அது குளிர்ந்ததாக இருக்க வேண்டும். அழுத்தமும் வேண்டும். மிதித்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. துணியின் மென்மைக்கான பெருமையையும் அவ்வூர் நீருக்கே கொடுத்துவிட்டார்கள்.

நீரைப் பற்றிய இந்தக் கவனம் காஷ்மீரத்துக்கு மட்டும் உரியதன்று. சோனார்காவ் பகுதியில் ஒரு பெரிய நீர்நிலையில் வெளுத்த துணிக்குத் தனி வெண்மை வருகிறது என்று அபுல் பஸல் அயினி அக்பரியில் எழுதுகிறார். டாக்காவில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் டெய்லர் 1840களையொட்டி எழுதிய குறிப்புகள் இன்னும் நுட்பமானவை. இரும்புக் கறைக்கு ஒரு செடியின் சாறு. இலை அழுகிப் படிந்த கறைக்கு நெய், சுண்ணாம்பு, காரமண் மூன்றும் சேர்ந்த கலவை. வெளுக்கையில் இழை விலகினால் அதைச் சீராக்க ஒரு வகுப்பார், கிழிந்தால் இழையோட்ட ரஃபூகர்கள், சங்கால் தேய்த்து மெருகேற்ற வேறொரு வகுப்பார். சலவை என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து தொழில்கள் இருந்தன. மஸ்லின் பருத்தி, காரத்தைத் தாங்கும். அதே கலவையைக் கம்பளியின் மேல் வைத்தால் துணியே போய்விடும்.

அந்த வேறுபாட்டில்தான் பூந்திக்கொட்டையின் இடம் இருக்கிறது. வடக்கே இதை ரீட்டா என்பர். இந்தியாவின் சவர்க்காரம் என்ற பொருளில்தான் அதன் தாவரவியற் பெயரே 'சபிண்டஸ்' என்று அமைந்தது. கம்பளியும் பட்டும் புரத இழைகள். காரம் அவற்றை அரிக்கும். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை உடையது. பூந்திக்கொட்டையின் சபோனின் காரமற்ற நுரை தருகிறது. அழுக்கு நீங்குகிறது, இழை நிற்கிறது. கம்பளி சுருங்குவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமன்று. இழையின் மேலுள்ள நுண்செதில்கள் சூட்டிலும் உராய்விலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, கோத்தவை பிரிவதில்லை. இந்த அறிவியல் தெரியாமலேயே அந்தக் கால்வாய்க்கரை மனிதர் சூட்டைத் தவிர்த்தார்.

இனி ஐரோப்பா. 1798இல் தொடங்கிய நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பை அடுத்துப் பாரிஸில் காஷ்மீரச் சால்வை மோகம் பற்றிக்கொண்டது. அங்கே வெளுக்கும் முறையோ லினனுக்காக வளர்ந்தது: கொதிநீர், சாம்பற்காரம், அடித்துத் துவைத்தல். கம்பளியும் பட்டும் அதற்குத் தாளவில்லை. அதே பாரிஸில் ஜோலி என்பவர், மேசைவிரிப்பில் விளக்கின் டர்பென்டைன் சிந்திக் கறை அகன்றதைக் கண்டு உலர்சலவையைத் தொடங்கினார் என்பது வழங்கும் கதை. ஆண்டு ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுவதால் நான் அதில் அதிகம் சாய்வதில்லை. உறுதியானது ஒன்று: நியூயார்க்கின் கறுப்பினத் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் 1821இலேயே நீரின்றித் துணி தூய்மை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர் அவரே. 1836இல் காப்புரிமை அலுவலகம் எரிந்ததில் அவர் முறை இன்னதென்ற விவரமும் எரிந்தது.

அதே 1821இல் மைக்கேல் ஃபாரடே ஆய்வகத்தில் ஒரு திரவத்தை உருவாக்கினார்: டெட்ராகுளோரோஎத்திலீன். பெட்ரோலிய எண்ணெய்களில் துணி தோய்த்த கடைகள் தீக்கு அஞ்சியே நடந்துவந்தன. தீப்பற்றாத இந்தத் திரவம் 1930களில் அவற்றுக்குள் நுழைந்து, 'பெர்க்' என்ற செல்லப்பெயருடன் தொழிலையே ஆண்டது. தீயிலிருந்து தப்பியவர்களின் நுரையீரலுக்குள் அதன் ஆவி போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, உலர்சலவையில் இதனைப் பத்தாண்டுக்குள் கைவிட விதி செய்தது. நம் நாட்டின் சிறு கடைகளில் பெரும்பாலும் மினரல் டர்பென்டைன் எண்ணெய்தான்; பெரும்பாலான கடைகளில் காற்றோட்டமும் இல்லை. நம் சால்வையைக் காக்க அங்கே யார் மூச்சிழுக்கிறார் என்பது ரசீதில் வராது.

பட்டிக்கு வருவோம். அமெரிக்காவில் 1971இல் இயற்றப்பட்ட பராமரிப்புப் பட்டி விதி, பாதுகாப்பான ஒரே ஒரு முறையைக் குறித்தால் போதும் என்கிறது. ஆகவே 'டிரை கிளீன்' என்றிருந்தால், அது கெடுதல் செய்யாது என்றுதான் பொருள்; தண்ணீர் கெடுக்கும் என்று பொருளன்று. 'மட்டும்' என்ற சொல் சேர்ந்தால்தான் தண்ணீர் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். இந்தியாவில் தயாரிப்பாளர்கள் பலரும் பிழைக்குப் பொறுப்பேற்க அஞ்சி அச்சொல்லை இலவசமாக ஒட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் வாளியில் போடலாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே பசைத்துணி ஒட்டிய கோட்டு, தோள்பஞ்சு வைத்த மேற்சட்டை, நனைந்தால் வலுவிழக்கும் விஸ்கோஸ், சாயம் நில்லாத பட்டு, கறுக்கக்கூடிய ஜரிகை: இவை கடைக்கே போகட்டும். உள்வரியற்ற, சாயம் நிற்கும் கம்பளிச் சால்வையோ வேறு. மூலையில் ஈரவெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்காவிட்டால், ஊறவைத்து வடித்த பூந்திக்கொட்டை நீரில், குளிர்ச்சியாகவே, பிழியாமல் அமுக்கி எடுத்து, துவாலையில் சுருட்டி ஈரம் வாங்கி, நிழலில் கிடையாக விரிக்கலாம். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரமே அதை இழுத்துவிடும்.

1950க்கு முந்தைய உலர்சலவைக் கடை ரசீதுகளோ விளம்பரங்களோ உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். எந்த ஊரில், எந்தத் துணி, என்ன விலைக்குப் போனது என்று தொகுத்துவருகிறேன்.