பின்வாசல் வழியே வந்தவன்



நம் கனகம்மாசத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. போட்டோ திருத்தும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ டவுன்லோடு செய்திருக்கிறார். அதோடு வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"வைரஸ்னு காட்டின ஃபைலை அழிச்சிட்டேன் சார். மூணு நாள் கழிச்சு என் மெயிலுக்குள்ள யாரோ போயிருக்கான். அழிச்ச பிறகு எப்படி சார்?" என்றார்.

ஊரில் பலருடைய ஆதார், பட்டா, வங்கிப் புத்தக நகல்கள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்தது சரித்திரம்தான். அதை வைத்தே பதில் சொன்னேன். உங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைக்கு 'பேக்டோர்', அதாவது பின்வாசல் என்று பெயர். 1998 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் 'பேக் ஓரிஃபிஸ்' என்ற சிறு புரோகிராம் வெளியானது. விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டரில் அது புகுந்துவிட்டால், எங்கோ இருப்பவர் அதைத் தன் கம்ப்யூட்டர் போல இயக்கலாம்.

பத்தாண்டு கழித்து அது உளவு வேலைக்கு வந்தது. தர்மசாலாவில் உள்ள தலாய் லாமா அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கனடா ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அங்கே பிடித்த நூல் 103 நாடுகளில் 1,295 கம்ப்யூட்டர்கள் வரை போனது. 2009 மார்ச்சில் வெளியான அந்த அறிக்கை இதற்கு 'கோஸ்ட்நெட்' என்று பெயர் வைத்தது. தெரிந்தவர் அனுப்பியது போல வந்த மின்னஞ்சல் இணைப்புதான் நுழைவாயில். பூட்டை யாரும் உடைக்கவில்லை, வீட்டுக்காரரே திறந்துவிட்டார்.

பிறகு நம் தமிழ்நாட்டுக்கே வந்தது. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் இருப்பதாக, மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு தகவல் தந்தது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்தது. அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு இணைக்கப்படவில்லை, அதன் மீது தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான, இணையத்தில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அணு உலை பாதிக்கப்படவில்லை. காரணம், இரண்டு வலைப்பின்னலும் தனித்தனி.

நிபுணர்கள் அதை 'டிட்ராக்' என்று அடையாளம் கண்டார்கள். தட்டும் எழுத்துகளையும், பார்த்த இணையப் பக்கங்களையும், ஃபைல்களின் பட்டியலையும் அது சேகரிக்கும். வேறு புரோகிராம்களை உள்ளே இறக்கவும் செய்யும்.

இதில்தான் மாணவருக்கான பதில் இருக்கிறது. ஃபயர்வால் வெளியிலிருந்து வருபவனைத்தான் முக்கியமாகத் தடுக்கும். பின்வாசல் நிரலோ உள்ளே உட்கார்ந்துகொண்டு தானே எஜமானனைக் கூப்பிடும். நீங்கள் ஒரு ஃபைலை அழிப்பதற்குள் பாஸ்வேர்டு போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது ஃபைல் ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம்:

1. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள்.
2. வேறொரு நல்ல கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயிலில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள்.
3. விண்டோஸ் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' செய்யுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது சோதிக்கும்.
4. சந்தேகம் தீரவில்லை என்றால் போட்டோ, ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய புரோகிராம் ஃபைல் ஒன்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.
5. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் கேட்டுக்கொண்டு அவர், "கடைக்கு வர்றவங்ககிட்ட இதைச் சொல்லணுமா சார்? யாவாரம் போயிடுமே" என்றார். கூடங்குளத்துக் கதையில் ஊரார் மனதில் தங்கியது கிருமி அல்ல, முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும்தான் என்றேன். ஆதார் கொடுத்தவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தார்கள். சொன்னால்தான் அவர்கள் தங்கள் வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொள்ள முடியும்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. அவர் கையெழுத்து பத்தாம் வகுப்பில் இருந்தது போலவே கோணலாக இருந்தது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்